துண்டு வீசிய படம்

சோலையப்பனிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதற்குக் கைகள் உண்டு, கழுத்துப்பட்டை உண்டு, நான்கு பித்தான்கள் உண்டு. முதுகு மட்டும் கிடையாது. அதைத் தைத்த பாவி நான்தான். புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் அவனுடைய போட்டோக் கடைக்கு அடுத்தது என் தையல்கடை. முதுகு வேண்டாம் என்று அவன் சொன்னபோது, "அளவு யாருக்குப்பா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்தாண்ணே" என்றான். விறைத்துப்போன கையைத் தூக்கிக் கோட்டுக்குள் நுழைக்க முடியாதாம். முன்பக்கமாக மாட்டி நாற்காலியில் சாய்த்துவிட்டால் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விளக்கினான். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அது 1938. எங்கள் சமஸ்தானத்தில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் படம் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் ஆயுள் முடிந்த பிறகு. உயிரோடிருக்கும்போது தனியாக எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயம்; கூட்டத்தோடு நின்றால் குறையாதாம். செத்தவருக்கு அந்தப் பயம் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, இருபுறமும் பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம். மூடியிருக்கும் கண்களைச் சோலையப்பன் பிறகு திறப்பான். கண்ணாடித் தகட்டில் உருவம் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறித்தான் பதிந்திருக்கும். அதன்மேல் பென்சிலால் எங்கே தீட்டுகிறோமோ அந்த இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். கடை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இமையின்மேல் வெள்ளைவிழி தீட்டி, நடுவில் ஊசிமுனையால் சுரண்டிக் கருவிழி வைப்பான். ஒருமுறை மாறுகண் பெரியவர் ஒருவருக்கு இரண்டு விழிகளையும் நேராக வைத்துக் கொடுத்துவிட்டான். அவருடைய சம்சாரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஆம்பளை யாரு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தொழில் நல்ல தொழில்தான். செத்தவர்கள் அசைய மாட்டார்கள், கண் சிமிட்ட மாட்டார்கள், படம் சரியில்லை என்று கடைவாசலில் வந்து கத்தவும் மாட்டார்கள். ஆனால் அவன் சைக்கிளில் முக்காலியைக் கட்டிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாண வீட்டுப் பக்கம் அவனை யாரும் அண்ட விட்டதில்லை.

அதுதான் அவனுக்கு வினையாயிற்று. திருமயத்துக்குத் தெற்கே நெடுங்கரைப்பட்டியில் அவனுடைய தாய்மாமன் ஆண்டியப்ப அம்பலம் இருந்தார். ஊர்ப் பெரியதனம் அவருடையது. ஆண் வாரிசு இல்லை. உண்ணாமலை என்று ஒரே மகள். சோலையப்பனுக்கு முறைப்பெண். சின்ன வயதிலிருந்தே இவளுக்கு இவன் என்று ஊருக்கே தெரியும். அவனுக்கு இருபத்தேழு வயதாகியும் அம்பலம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தாயார் போய்க் கேட்டபோது, "பொணத்துக்குக் கோட்டு மாட்டுற கையில எம்பொண்ணு கையப் புடிச்சுக் குடுக்கச் சொல்றியா? வேற தொழிலோட வரச் சொல்லு. வர்ற ஆவணிக்குள்ள வரலைன்னா நான் வேற எடம் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு தொழில் என்றால் கையிலிருக்கும் காமிராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை, 'ஜில்லாக்களிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் செய்திப் படங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று போட்டிருந்தது. அதைக் கத்தரித்துக் கடைச்சுவரில் ஒட்டினான். பத்திரிகைப் படக்காரன் ஆகிவிட்டால் மாமன் என்ன, மகாராஜாவே மறுக்க முடியாது என்பது அவன் கணக்கு.

முதல் செய்தி அதே வாரம் கிடைத்தது. திருமயம் சாலையில் ஒரு பஸ் வாய்க்காலில் கவிழ்ந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை. இவன் சைக்கிளில் பறந்து போய் முக்காலியை நிறுத்தினான். பார்த்தவுடன் பயணிகள் அத்தனை பேரும் அழுகையை நிறுத்தி, முகம் துடைத்து, கவிழ்ந்த பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். உயரமானவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால், கண்டக்டர் நட்டநடுவில் தோல்பையோடு. பத்திரிகாசிரியர் படத்தைத் திருப்பி அனுப்பி, "கல்யாண கோஷ்டிப் படங்கள் தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது, வைக்கோற்போர் தீ. குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடியவர்கள் காமிராவைக் கண்டதும் குடத்தை இடுப்பில் வைத்து நின்றுவிட்டார்கள். இவனும் சும்மா இருந்திருக்கலாம். ஏழு வருஷப் பழக்கம் விடுமா? "அசையாதீங்க! மூச்சை அடக்குங்க!" என்று கத்திவிட்டான். பிணத்தைப் பார்த்தே "அசையாதீங்க" என்று சொல்கிறவன் அவன். ஊர்க்காரர்கள் பாவம், அசையாமல் நின்றார்கள். போர் முழுவதும் எரிந்து போயிற்று. வைக்கோல்காரன் இவனை மைல்கணக்கில் துரத்தினான்.

அந்தப் படத்துக்குப் பத்திரிகாசிரியர் எழுதிய கடிதத்தைச் சோலையப்பன் எனக்கு வாசித்துக் காட்டினான். "உமது பெட்டியை ஒருவர்கூடப் பார்க்காத படம் ஒன்று அனுப்பும். அதில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். சித்திரை முடிவதற்குள் வராவிட்டால் இனித் தபால்தலையை வீணாக்க வேண்டாம்."

"ஒருத்தர்கூடப் பாக்காம எப்படிண்ணே எடுக்கிறது?" என்று கேட்டான்.

"உனக்குத்தான் பெட்டியைப் பார்க்காத ஆளுங்க நிறையக் கிடைக்கிறாங்களே" என்றேன். அன்று எனக்கு ஒரு சட்டைக்குக் கழுத்து தவறிப்போன கோபம்.

சித்திரைக் கடைசியில் நெடுங்கரைப்பட்டிப் பெரிய கண்மாயை அழிப்பதாகச் சேதி வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கண்மாயை அழிப்பது என்றால் உடைப்பது அல்ல. கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலளவுக்கு வந்ததும் ஒருநாள் தண்டோரா போட்டுச் சாட்டி, ஊரே இறங்கி மீன் பிடிப்பது. சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் ஊத்தாவோடு வந்துவிடும். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு முறை உண்டு. மடையடியில் கருப்பருக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியதும், அம்பலம் தன் தோளிலிருக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அதற்குப் பிறகுதான் ஒரு கால் தண்ணீரில் படலாம். அன்றைக்கு அம்பலத்தைத் தவிர வேறு யாரும் தோளில் துண்டு போடக்கூடாது. இடுப்பில்தான் கட்ட வேண்டும். வீசும் உரிமை அம்பலத்துக்கும் அவர் வீட்டு ஆண்பிள்ளைக்கும், மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கும் மட்டுமே. வெளியாள் வீசிக் கண்மாய் அழிந்தால் உரிமை ஊரின் இன்னொரு வகையறாவுக்குப் போய்விடும். அந்த வகையறாவின் தலைவர் மதுரைவீரன் என்பவர், இருபது வருஷமாக அந்த நாளுக்காகவே உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அம்பலத்துக்கும் அந்தத் துண்டில்தான் உயிர். அவரிடம் இருந்ததே இரண்டு துண்டுகள். ஒன்று தோளில் கிடக்கும், மற்றது கொடியில் காயும்.

நானும் கடையைப் பூட்டிவிட்டு இரவல் ஊத்தாவோடு போனேன். விரால் குழம்பு என்றால் எனக்குத் தொழில் இரண்டாம்பட்சம். சோலையப்பன் கரைமேல் ஒரு மேட்டில் முக்காலியை நிறுத்தினான். கீழே ஆயிரம் பேர் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் மடையடியில் அம்பலம் இடது கையில் தேங்காயோடு நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒருத்தன் திரும்பிப் பார்க்கும்வரை.

"ஏய், படம் புடிக்கிறாகடோய்!"

அவ்வளவுதான். ஆயிரம் பேரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். ஊத்தாவை நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கி, கண்ணை அகல விரித்து நின்றார்கள். எங்கள் ஜனங்கள் அதுவரை பார்த்திருந்த படங்களிலெல்லாம் மனிதர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் செத்தவர்கள் என்பதை யோசிக்கவில்லை. நான்கூடச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், உண்மையை ஏன் மறைக்க வேண்டும்.

சோலையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இங்கிட்டுப் பாக்காதீங்க! அங்கிட்டுத் திரும்புங்க!" என்று கத்தினான். கரைக் காற்றில் அது யார் காதிலும் விழவில்லை. ஒரு கையில், அமுக்கினால் படம் பதியும் ரப்பர் பந்து. மற்றக் கையால், வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டை உருவி, தலைக்குமேல் நாலு வீசு வீசினான். பட்டணத்தில் இருந்து பழகியவன். தோளில் துண்டு கிடப்பதே அவனுக்கு நினைவில்லை.

கண்மாய் அதிர்ந்தது. "வீசியாச்சுடோய்!" என்று ஒரு குரல். ஆயிரம் பேரும் ஒரே நொடியில் திரும்பித் தண்ணீரில் பாய்ந்தார்கள். மடையடியிலிருந்து அம்பலம் கத்தியது யாரையும் நிறுத்தவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனது கூட்டம். பயத்தில் சோலையப்பனுடைய விரல்கள் இறுகி, ரப்பர் பந்து நசுங்கியது. பிறகு அவன் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவே இல்லை.

ஒரு நாழிகையில் கண்மாய் சேறாகிவிட்டது. எனக்குக் கிடைத்தது ஒரு கெளுத்தி. அதுவும் கையில் குத்திவிட்டுப் போய்விட்டது. கரையில் உடைக்காத தேங்காயோடு அம்பலம் நின்றுகொண்டிருந்தார். மதுரைவீரன் ஒரு விராலைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"வெளியாளு வீசிட்டான், கண்மா அழிஞ்சிருச்சு. இனிமே துண்டு எங்க வகையறாவுக்கு. என்னப்பா சொல்றீங்க?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டார்.

அம்பலத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. அவர் கூட்டத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், மேட்டின்மேல் கறுப்புத் துணிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

"யாருடா வெளியாளு?" என்றார். "எந்தங்கச்சி மகன். எம்மக உண்ணாமலையக் கட்டிக்கப்போற மருமகன். நான்தான் வீசச் சொன்னேன்."

"அப்ப எதுக்கு நீங்க கையத் தூக்கி நில்லுங்கடான்னு கத்துனீங்க?" என்றார் மதுரைவீரன்.

"மொள்ளப் போங்கடான்னு கத்துனேன். புள்ளைக மிதிபட்றக் கூடாதுல்ல?"

இடுப்புவரை சேறோடு, ஊத்தா நிறைய மீனோடு நின்றிருந்த உண்ணாமலை சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். நாலு பேர் போய்க் கறுப்புத் துணியை விலக்கி, மாப்பிள்ளையை வெளியே இழுத்து வந்தார்கள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டவன், கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் திறந்தான். ஆவணியில் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். தகட்டைக் கழுவிப் பார்த்தானே, அங்கேதான் பிடித்தது சனி.

நானே சொல்கிறேன், அற்புதமான படம். ஆயிரம் முதுகுகள் தண்ணீரில் பாய்கின்றன. ஊத்தாக்கள் ஆகாயத்தில். ஒருவர்கூடக் காமிராவைப் பார்க்கவில்லை. பாயாமல் நின்றவர் ஒரே ஒருவர். வலது ஓரத்தில் அம்பலம், தோளில் துண்டு அப்படியே கிடக்க, வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். வீசச் சொன்ன மனிதர் முகமா அது? கட்டிய மாடு அறுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நிற்கிறவன் முகம். இது பத்திரிகையில் வந்தால் மதுரைவீரன் வீடு வீடாகக் காட்டுவார். அம்பலத்தின் சொல் பொய்யாகும், உரிமை போகும், கூடவே கல்யாணமும் போகும். அனுப்பாவிட்டால் தபால்தலையோடு தொழில் போகும். சோலையப்பன் இரண்டு நாள் சாப்பிடாமல் தகட்டை வெறித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "செத்தவனுக்குக் கண் திறக்கத் தெரியுது, ஒரு துண்டு தீட்டத் தெரியாதா?" என்றேன். இன்றுவரை அந்த வார்த்தைக்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலால் தீட்டினான். அம்பலத்தின் தூக்கிய கையில் ஒரு வெள்ளைத் துண்டு. நான் பக்கத்தில் நின்று மடிப்பு இங்கே விழும், காற்று இப்படி அடித்தால் முனை அப்படி மடியும் என்று சொல்லிக் கொடுத்தேன். துணி விஷயத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது என்ற திமிர். படம் திருச்சிக்குப் போயிற்று.

பத்து நாளில் பத்திரிகை வந்தது. அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். 'அம்பலக்காரர் துண்டு வீச, கண்மாயில் பாயும் மக்கள்' என்று கீழே எழுத்து. கூடவே கடிதம்: "இனி உமது சமஸ்தானத்துச் செய்திப் படங்கள் நீரே அனுப்பும்." சோலையப்பன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். கழுத்தில் தொங்கிய அளவுநாடா நனைந்துபோயிற்று.

பத்திரிகை நெடுங்கரைப்பட்டிக்கும் போயிற்று. ஊரே கூடிப் பார்த்தது. அச்சில் வந்ததை யார் மறுப்பது? சோலையப்பன் வீசியதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, "அம்பலம் வீசுன பெறகுதான் அவன் வீசியிருக்கான், நமக்குத்தான் முந்திப் பிந்தித் தெரிஞ்சிருக்கு" என்று தலையைச் சொறிந்தார்கள். மதுரைவீரன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம். எல்லோரையும்விட முழுசாக நம்பியவர் அம்பலம்தான். ஒரு வாரம் படத்தைப் பார்த்துப் பார்த்து, தான் துண்டு வீசியது அவருக்கே நன்றாக நினைவுக்கு வந்துவிட்டது.

எட்டாம் நாள் அவருடைய ஆள் வந்து, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "நான் வீசுன துண்டுக்குத்தான் கண்மா அழிஞ்சிருக்கு. பேப்பர்லயே போட்டிருக்கு. அப்படியிருக்க, பொணப் படக்காரனுக்கு நான் எதுக்குப் பொண்ணு குடுக்கணும்? பேச்சை விட்டுறச் சொல்லு."

சோலையப்பன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முதுகில்லாத கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவன்மேல் இருந்த பிரியம் அன்றுதான் எனக்கே தெரிந்தது. தீட்டச் சொன்ன வாய் என் வாய். நானே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அம்பலம் வீட்டுக்குள் நான் நுழையும்போது உண்ணாமலை அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகைப் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அம்பலம் அதற்குக் கீழே, படத்தில் உள்ள மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"அம்பலாரே, அந்தத் துண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இருங்கண்ணே" என்றாள் உண்ணாமலை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். "அய்யா, ஒங்க துண்டு மொத்தம் எத்தனை?"

"ரெண்டு. ஏன்?"

"அன்னைக்கு ஒன்னு இந்தா இந்தக் கொடியில காஞ்சது. நான்தான் தொவைச்சுப் போட்டேன். கையில ஒரு துண்டு வீசுறீங்க, சரி. தோள்ல கெடக்கே, அது யாரு துண்டு?"

நான் எட்டிப் பார்த்தேன். தூக்கிய கையில் வெள்ளைத் துண்டு, நான் சொன்ன மடிப்பு மாறாமல். தோளில் அசல் துண்டு, யாரும் தொடாமல், இருந்த இடத்திலேயே. தோளில் கிடந்ததைச் சுரண்டி எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை! ஊரே பார்த்தது, பத்திரிகைக்காரர் பார்த்தார், துணியோடு பிறந்து துணியோடு கிடக்கிற நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அந்தச் சேற்றுக் கண்மாயிலேயே முங்கிவிடலாம் போல இருந்தது.

அம்பலம் எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தார். கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டைத் தடவியது.

"மதுரைவீரன் மாமாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நான் போய்த் தொட்டுக் காட்டட்டுமா? இல்ல, ஆவணிக்குக் கூறைச் சேலை எடுக்கலாமா?"

அம்பலம் என் பக்கம் திரும்பினார். அப்படியொரு முழிப்பை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்கணும்ல" என்றார். "முதுகு வச்சுத் தைங்க."

முதுகு வைத்துத்தான் தைத்தேன். கூலி வாங்கவில்லை. பிணத்துக்குத் தைத்த கோட்டை அடுப்பில் போட்டுவிட்டேன், கேட்டால் எலி தின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். கல்யாணத்தை எடுக்க வேறு படக்காரர் அகப்படாததால், மாப்பிள்ளையே முக்காலியை நிறுத்திவிட்டு ஓடிவந்து மணையில் உட்கார, ரப்பர் பந்தை நான் அமுக்கினேன். என் தலையில்லாத நிழல் அந்தப் படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சோலையப்பன் பத்து வருஷம் சமஸ்தானம் முழுக்கச் சுற்றினான். எல்லை தாண்டிக் கோட்டைப்பட்டினத்துக்கும் போய், புயலுக்குக் கரையேறிக் கிடந்த படகுகளை எடுத்தான். குன்றாண்டார்கோவிலில் தேர்வடம் அறுந்து நின்றதை எடுத்தான். மூன்று பத்திரிகைகளில் அவன் படம் வந்தது. ஒரு தகட்டிலும் பென்சில் வைக்கவில்லை. பென்சில் டப்பாவையே உண்ணாமலை எங்கேயோ ஒளித்துவிட்டதாகக் கேள்வி.

1948 தை மாதம் அம்பலம் காலமானார். அதற்குள் ஊரில் இறந்தவரை உட்கார வைத்துப் படமெடுக்க வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். சோலையப்பன் யாரையும் கூப்பிடவில்லை. மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு, காமிராவுக்குப் பின்னால் போய் நின்றான். "அசையாதீங்க மாமா" என்றான் வழக்கம்போல. சொல்லிவிட்டு முக்காலியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். ரப்பர் பந்தை இந்தத் தடவையும் நான்தான் அமுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் தகட்டை எடுத்துக்கொண்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, உண்ணாமலை உள்ளே போய், பத்து வருஷமாக ஒளித்து வைத்திருந்த பென்சில் டப்பாவை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கண்ணைத் தெறந்து விடுங்க" என்றாள். "துண்டு ஒன்னே போதும்."